எடுப்பு

மாதத்தின் கடைசிச் செவ்வாய்
காஸிப்பூர் குப்பை மேட்டின் மேல் ட்ரோன் விடுவேன்.
பருந்துகள் முதலில் அதைத் துரத்தும்,
பிறகு அலுத்துப்போய் விட்டுவிடும்.

மயூர் விஹாருக்குத் திரும்பி
சட்டையைப் பால்கனியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு
எண்களோடு உட்காருவேன்.
கடல் மட்டத்திலிருந்து இருநூற்று அறுபத்திரண்டு மீட்டர்.
எந்தக் கடல் என்று தில்லியில் யாரும் கேட்டதில்லை.

போன மாதம் மென்பொருளை மாற்றினார்கள்.
மலைகளுக்கென்று எழுதியது;
குப்பைக்குத் தனியாக வாங்கக் காசில்லை.
வெறும் உயரத்தோடு அது விடுவதில்லை.
எங்கேயாவது உன்னைவிட உயரமாக ஒன்று இருக்கும்,
அங்கே போய்ச் சேர
எவ்வளவு இறங்கினால் போதும் உனக்கு
என்று ஒவ்வோர் உச்சியையும் கேட்கிறது.
அந்த இறக்கம்தான் கணக்கு.
ஆங்கிலத்தில் ப்ராமினன்ஸ்.
நான் எடுப்பு என்று வைத்துக்கொண்டேன்.
மூக்கு எடுப்பாக இருக்கிறது என்போமே,
அந்த எடுப்பு.

எடுப்பில் பெரிய ஆட்கள் சரிகிறார்கள்.
எவரெஸ்டின் தெற்கு உச்சி
எட்டாயிரத்து எழுநூறைத் தாண்டிய உயரம்;
சொந்த எடுப்பு, ஒரு மூன்று மாடி வீடு.
மீதியெல்லாம் பக்கத்தில் நிற்பவருடையது.
பட்டியல் போடுகிறவர்கள் அதைத் தனி மலையாகச் சேர்ப்பதில்லை,
தோள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.
துணை இயக்குநர் பக்ஷியின் அறைக்கு வெளியே
கோப்போடு நிற்கும்போது
இது ஏனோ நினைவுக்கு வரும்.

காஸிப்பூருக்கோ
அறுபது மீட்டரில் ஒன்றிரண்டு போக
எல்லாம் சொந்தம்.
சுற்றிலும் தட்டுப் போலத் தரை,
மாட்டுப் பண்ணை, மீன் சந்தை, பூச்சந்தை.
சாய்ந்துகொள்ள ஒருவரும் இல்லை.

அடுத்த கட்டம், தாய் மலை.
ஒவ்வோர் உச்சிக்கும் ஒரு தாயைத் தேடிக் கொடுக்காமல்
அந்த மென்பொருள் தூங்காது.
ரிட்ஜ் என்று வரும் என நினைத்தேன்,
ஆரவல்லியின் வால், கண்ணுக்கெட்டும் தூரம்.
ஆனால் ரிட்ஜுக்குப் போக யமுனையில் இறங்க வேண்டும்.
யமுனையிலும் இறங்காமல்
ஹிண்டனிலும் கால் நனைக்காமல்
இரண்டுக்கும் நடுவிலுள்ள முதுகைப் பிடித்து
வடக்கே நடந்தால்
கரும்பு, செங்கல் சூளை, மறுபடி கரும்பு,
சஹாரன்பூர் தாண்டி
தரை தானாக எழுந்துகொள்ளும் இடம் வரும்.
திரை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதியது:
தாய், இமயம்.

பக்ஷி சிரிக்கவில்லை.
அந்த வரியை எடுத்துவிடு என்றார்.

மேட்டில் இரண்டு உச்சி.
நடுவே பள்ளம் ஒன்பது மீட்டர்.
முப்பதுக்குக் குறைந்தால்
இரண்டாவதை உச்சியாக எண்ணாதே என்பது விதி.
கம்பியும் பால் கவரும் பொறுக்கும் மொமேனாவிடம்
என் ஓட்டை இந்தியில் இதைச் சொன்னேன்.
தோளிலிருந்த கோணியை அவர் இறக்கவில்லை.
"ஒன்பதா? ஆவணி மழைக்கு வந்து பார்.
முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர்.
அந்தப் பக்கம் வேறு மலை, வேறு ஆட்கள்.
நான் போனால் அடி விழும்."

அடிக் கணக்கு எங்கள் அலுவலகத்தில் இல்லை,
எல்லாம் மீட்டர்.

இப்போது மேட்டில் எடுப்பு நடக்கிறது,
கெடு வைத்திருக்கிறார்கள்.
சல்லடை இயந்திரங்கள் மேற்கு உச்சியைத் தின்ன
கிழக்கில் லாரிகள் கொட்டுகின்றன.
இந்த மாதம் இருநூற்று ஐம்பத்தொன்பது.
மூன்று மீட்டர் எங்கே போயிற்று என்றால்
எங்கோ ரோடு போடுகிறார்களாம், பள்ளம் தூர்க்க.
உயரம் குறையக் குறைய
மொமேனா வீட்டு வாசலிலிருந்து
மேட்டுக்கு அந்தப் பக்கம் விடியும் நேரம்
கொஞ்சம் முந்தி வருகிறதாம்.
அதைப் போட எந்தப் பத்தியும் இல்லை.

பக்ஷி எடுக்கச் சொன்ன வரியை
நான் எடுக்கவில்லை.
எழுத்தின் நிறத்தை மட்டும்
வெள்ளையாக்கி வைத்திருக்கிறேன்.
அறிக்கையின் பதினோராம் பக்கம்,
வெற்றிடம் போலத்தான் இருக்கும்.
கர்சரை இழுத்துப் பாருங்கள்.